விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஓர் ஆள்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்கிற தகராறு இன்னும் தீரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வெளிச்சம் போனால் ஊசிக் கண் தெரியாது. மெஷினை மூடிவிட்டு மயிலாப்பூரில் இருக்கும் வீட்டுக்கு நடப்பேன். பகலெல்லாம் எனக்குக் குடி நினைப்பே வராது. தெருவிளக்கு ஏற்றும் நேரத்தில்தான் கால் சாராயக் கடைப் பக்கம் திரும்பும். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, சிந்தாதிரிப்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அழைக்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“சத்தியம் மட்டும் பண்ணாத. நீ பண்ண சத்தியத்த வெச்சி ஒரு வூடே கட்டலாம். வெளக்கு வெக்கிற நேரத்துல உன்கூட இருக்க ஒரு ஆளப் பாரு. அப்புறம் வர்றேன்.”

ஆளுக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தில் கேட்க வெட்கம். ஜவுளிக்கடை முதலாளிதான் மயிலாப்பூரில் மதுவிலக்குச் சபை மாதம் ஒரு முறை கூடுகிறது என்றார். போனேன். குடிகாரன் மாட்டை விடக் கேவலம் என்று ஒரு வக்கீல் வெகு நேரம் பேசினார். சுற்றிப் பார்த்தேன். பென்ஷன்காரர்கள், மாமிகள், காலேஜ் பிள்ளைகள். சாராயக் கடையில் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. கூட்டம் கலைந்ததும் தூண் ஓரமாக நின்று காரியதரிசியிடம் என் கதையை மெதுவாகச் சொன்னேன். மனிதருக்கு ஏக சந்தோஷம். அடுத்த மாதம் என்னை மேடையில் ஏற்றிவிட்டார். தட்டில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைக்கச் சொன்னார்கள். மாலை போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“டேய், நம்ம டெய்லர் நைனா மேடையில கீறார்டா! இன்னா நைனா, ரெண்டாங் கண்ணாலமா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். லஸ் முனையில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர், வக்கீலை ஏற்றி வந்தவர். சாராயக் கடையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்.

கூட்டம் முடிந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். “ஐயா, யாராவது கொஞ்ச நேரம் என்கூட இருக்க முடியுங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்குப்பா? அதான் சத்தியம் பண்ணியாச்சே! எங்காத்துல எனக்காகக் காத்திண்டிருப்பா. நீயும் நேரே வீட்டுக்குப் போ” என்றார் காரியதரிசி.

கழுத்தில் மாலையோடு தெருவில் நின்றேன். சாராயக் கடை இருக்கிற பக்கம் போகாமல் கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதமும் போனேன். என்னைப் பார்த்ததும் காரியதரிசிக்கு முகம் சுருங்கியது. “என்னப்பா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?”

“இல்லீங்க.”

“பின்னே எதுக்கு வந்தே? திருந்தினவனுக்கு இங்கே என்ன வேலை?”

“எதுக்கும் கிட்டப் போய் மோந்து பாத்துடுங்கோ” என்றார் பின்னால் நின்ற ஒருவர். இவர்களுக்குக் கற்பூரச் சத்தியம் அம்மை குத்திக்கொள்கிற மாதிரி. ஒரு தடவை குத்தினால் ஆயுசுக்கும் போதும். எனக்கோ தினமும் சாயங்காலம் வருகிறதே, அதைச் சொன்னால் யாருக்குப் புரிகிறது?

வெளியே வந்தேன். வக்கீலை இறக்கிவிட்டு அதே ஜட்காக்காரர் நின்றிருந்தார். “இன்னா நைனா, இன்னிக்கி மாலை இல்லியா?”

“உன் வேலையப் பாருய்யா!” என்று கத்திவிட்டேன். நான் தெருவில் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “நெசமாவே வுட்டுட்டியா?”

“இன்னிக்கி இன்னும் குடிக்கல.”

“நானுந்தான். தனியா போனா அங்கதான் போவேன். வா, குதிரைக்குத் தண்ணி காட்டணும். நீ கொள்ளுப் பையப் புடி.”

அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு லஸ் தண்ணீர்த் தொட்டி ஓரம்தான். அவர் ஓயாமல் பேசுவார், என்னைக் கிண்டல் செய்வார். நான் பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாள் வாய் நாற்றத்தோடு வந்தார். திட்டித் தீர்த்தேன். திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது?

மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணனோடு தொட்டி ஓரத்துக்கே வந்தாள்.

“இந்தாளா? குடிகாரனுக்குக் காவல் இன்னொரு குடிகாரனா? நல்லா கீது!”

“குடிக்காதவன் இந்நேரத்துல எங்ககூட இன்னாத்துக்கும்மா குந்திக்கினு இருப்பான்? அவன் வூட்டுக்குப் போயிருவான்” என்றார் அவர்.

அவள் அண்ணனோடு திரும்பிப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆள் பார் என்றாள், பார்த்தேன். ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே ஆள் இவர்தான். இன்னும் என்ன செய்ய?

அதற்குப் பிறகு சில நாள் எதிர்க் கடை ஓரமாக வந்து நிற்பாள். எங்களைப் பார்ப்பாள், போய்விடுவாள். நேற்று நேராக வந்து ஜட்காவில் ஏறிக்கொண்டாள். “சிந்தாதிரிப்பேட்டைக்கு வுடு.” என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது. விளக்கு ஏற்றிவிட்டார்கள். அவர் திரும்பி வரும் வரை கொள்ளுப் பையோடு தொட்டி ஓரத்திலேயே தனியாக உட்கார்ந்திருந்தேன்.

“வழியெல்லாம் உன்னப் பத்தியே கேட்டுக்கினு வந்துச்சு.”

“இன்னா கேட்டா?”

“அது எனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல. நீ பையக் குடு.”

இன்று சாயங்காலமும் கேட்டுப் பார்த்தேன். சிரிக்கிறாரே தவிர, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

விய வருஷம், தை மாதம் 9-ஆம் தேதி.