பட்டமளிப்புக்குப் பேச வந்தவர்கள்

பட்டமளிப்பு விழாவுக்குப் பேச்சாளர் தேடுவது மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதைப் போன்றது. அபிப்பிராயம் சொல்ல ஊரே வரும், கூட்டிவந்து உட்காரவைத்து வியர்க்கிறவர் ஒருவர்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த ஒருவர் நான். மருதமுனையிலிருந்து பஸ் ஏறி வந்து விழாப் பிரிவில் வேலை செய்கிறேன். பேச்சாளரை வாகனத்தில் ஏற்றுவது, அங்கி போட்டுவிடுவது, மேடைக்கு அனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் தண்ணீரோடு நிற்பது எல்லாம் என் பாடு. நீங்களும் ஏதோவொரு பிள்ளையின் பட்டமளிப்புக்குப் போய், இந்த மனிதர் எப்போது முடிப்பார் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்தானே. உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

கயிறு பிடித்தவர்

முதன்முதலில் எனக்கு வாய்த்தவர் கொழும்பிலிருந்து வந்த பொருளியல் பேராசிரியர். விழா அன்று விடிந்த கையோடு அவரை ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியால் வந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னார். பார்த்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். அவரோ சப்பாத்தைக் கழற்றிவைத்து, காற்சட்டையை மடித்துக்கொண்டு, போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். கடலும் வானமும் ஒரே பால் நிறம். வலை எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கயிறு மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சாரதி ஹனிபா காக்கா என்னைப் பார்த்தார். உபவேந்தரின் அழைப்பு கைப்பேசியில் அடித்து அடித்து ஓய்ந்தது.

ஒருவழியாக மேடைக்கு வந்துசேர்ந்தார். அச்சடித்துக் கொண்டுவந்த பேச்சை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். முழுக்கப் பொருளாதாரம்தான். ஆனால் வலது கை மட்டும் தன்பாட்டில் எதையோ மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அதிலிருந்து என்ன வரப்போகிறதோ என்பதுபோல. ஒருவரும் தூங்கவில்லை. பிறகொரு நாள் அந்தக் கரையில் வலைக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு அவரை விசாரித்தார். "சேர் நல்ல மனிசன், மகள். ஆனா நாங்க கயித்தக் கரைக்கு இழுக்கிறம், கயிறு அவரக் கடலுக்கு இழுக்குது."

தூக்கத்தில் வந்த பெயர்

இன்னொரு வருடம் தெரிவுக்குழுக் கூட்டம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. வேளாண்மை வெட்டுக்காலம். யன்னலால் வைக்கோல் தூசு பொன்னாக மிதந்து வந்தது. கரண்டும் போய்விட்டது. சொல்லப்பட்ட பெயர்களெல்லாம் விழுந்தன. ஒருவர் கட்சிக்காரர், ஒருவர் நீட்டிப் பேசுபவர், ஒருவர் கேட்டாலும் வரமாட்டார். அந்த நேரம் எங்கள் பீடாதிபதி, கதிரையில் சாய்ந்தபடி, கண்ணைத் திறக்காமல் "சிவநேசன்" என்றார். தேயிலை ஆராய்ச்சியாளர் கலாநிதி சிவநேசனைத்தான் சொல்கிறார் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. பீடாதிபதி கண் விழித்தபோது தீர்மானம் முடிந்திருந்தது.

தான் தூங்கியதைச் சபையில் சொல்ல அவருக்கு வெட்கம். நடைபாதையில் என்னை நிறுத்தித்தான் சொன்னார்: இருவரும் ஒரே விடுதி அறையில் படித்தவர்களாம், ஏதோ அற்ப விஷயத்தில் முறிந்து, தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கதை பேச்சு இல்லையாம். அவர் வரவேமாட்டார் என்றும் சொன்னார். ஆனால் மலையகத்திலிருந்து சிவநேசன் வந்தார். நான் அங்கியோடு நிற்கிறேன். அவர் அங்கியைக் கவனிக்காமல் நேரே பீடாதிபதியிடம் போய், என்னை நினைத்துக் கூப்பிட்டாயே என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பீடாதிபதியால் பொய் சொல்ல முடியவில்லை. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மற்றவர். கடைசியில் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பீடாதிபதி சொன்னது இதுதான்: "கனவுல நான் உன்னச் சோதனை எழுத எழுப்பினன், மச்சான். இவங்க பேச்சுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

மழைக்குள் ஒரு பேச்சு

திருக்கோவில் பக்கத்து மகப்பேற்று வைத்தியர் ஒரு அம்மா வந்த வருடம், மாரி மழை மண்டபக் கூரையில் கொட்டியது. கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, சுருக்கவுமில்லை. திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே ஒரு சொல் கேட்கவில்லை. அரையிருட்டில் வாய் அசைந்தது. கைகள் குழந்தையை ஏந்துவதுபோல் எழுந்து தாழ்ந்தன. தண்ணீருக்கு அடியில் ஒரு விழா நடப்பதுபோல இருந்தது. கறுப்பு அங்கிப் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

முடிந்ததும் ஆளுக்கொரு பேச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளிநாடு போகச் சொன்னார் என்றான் ஒருவன். போகவே வேண்டாம் என்றார் என்றான் அவனுடைய கூட்டாளி. வாசலில் ஒரு குடும்பம் மழை விடக் காத்துநின்றது. மகளுக்கு மட்டக்களப்பில் வேலை கிடைத்திருந்தது; தூரம் என்று வாப்பா மறுத்துக்கொண்டிருந்தார். பட்டச் சுருளைப் பிடித்தபடி மகள் நிலத்தைப் பார்த்து நின்றாள். உம்மா குரலை உயர்த்தவில்லை. "அந்த டொக்டரம்மா மேடையில வச்சுச் செல்லிட்டா, பொம்புளப் புள்ளைகள வேலைக்கு விடச் செல்லி. எண்ட ரெண்டு காதாலயும் கேட்டன்." வாப்பாவுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை, ஆகவே மறுக்கவும் வழியில்லை. போகும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "புள்ள, மட்டக்களப்புக்குக் காலையில முதல் பஸ் எத்தின மணிக்கு?"

கடைசிப் பெயர் வரைக்கும்

பேச்சாளர்கள் பேசி முடிந்ததும் மெல்ல நழுவிவிடுவார்கள். பெயர் வாசிப்பு மணிக்கணக்கில் நீளும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மட்டும் போகவில்லை. வாகனம் வந்துவிட்டது என்று மேடையின் ஓரமாகப் போய்ச் சொன்னேன். இருக்கட்டும் என்று தலையசைத்தார். கலைப்பீடம், முகாமைத்துவம், பிறகு விஞ்ஞானம். ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினார். மண்டபத்தில் பாதிச் சனம் படமெடுக்க வெளியே போய்விட்டது. மேற்கு யன்னலால் வந்த வெயில் வெறுங்கதிரைகளில் வரிசை வரிசையாக இருந்தது. அவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். விஞ்ஞானப் பீடத்தில் ஓரிடத்தில் அந்தக் கை நின்றது. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அடுத்த பிள்ளை மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் திரும்பத் தட்டினார்.

ஹனிபா காக்கா வாகனத்தை எடுத்தார். அக்கரைப்பற்றைத் தாண்டினோம். களைத்துவிட்டீர்களா சேர் என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, வெளியே வயலைப் பார்த்தபடி, தன் மகள் இங்கேதான் படித்தாள் என்றும், இறுதி வருடத்தில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள் என்றும், இன்று பட்டம் வாங்கியது அவளோடு படித்த பிள்ளைகள் என்றும் சொன்னார். தெரிவுக்குழுவில் ஒருவருக்கும் அது தெரியாது. பெயர்பெற்ற நீதிபதி என்றுதான் கூப்பிட்டிருந்தோம். ஹனிபா காக்கா வேகத்தைக் குறைத்தார். நீதிபதிதான் எங்களைத் தேற்றுவதுபோல் சொன்னார்: "அவட பேருக்கு முன்னுக்கு வாற புள்ளையையும் கண்டன், பின்னுக்கு வாற புள்ளையையும் கண்டன். அந்த இடைவெளி போதும் மகள்."

இத்தனை பேச்சுக்கும் பக்கத்தில் நின்றவள் நான் என்பதற்காக, அவற்றிலிருந்து ஒரு வசனமாவது சொல்லு என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.