மாமா காணாமல் போன புதன்கிழமை

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2009-ஆம் வருடம். ஐ.டி. கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். என் கணவர் பயத்தில் லீவே எடுக்க மாட்டார். மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, மறதி நோய். செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் இருந்த எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். மாமா பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்தவர். சாப்பிட்டு எழுந்ததும், "இன்னும் சோறு போடலயா?" என்பார். தினமும் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். கதவைப் பூட்டிப் பூட்டி அலுத்துப்போனேன். ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். சபையில் யாராவது விசாரித்தால், "ஸ்தோத்திரம், சுகம்" என்பேன். நம் ஆட்களுக்கு அந்தப் பதில்தானே வாயில் ஒட்டியிருக்கிறது!

ஒரு புதன்கிழமை மாலை, துணி எடுக்க மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. மாமாவைக் காணோம்.

ஊருக்கு ரயிலேறப் போயிருப்பாரோ என்று கணவர் ஆபீசிலிருந்து நேராக செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு ஓடினார். நான் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் போன் செய்தேன். நம் தமிழ்க் கோயிலுக்கும் செய்தேன். எங்கும் இல்லை. தெருத்தெருவாக நடந்து, கால் ஓய்ந்து, ஒரு மளிகைக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆண்டவரே, என்னால முடியல. இனி நீரே பாத்துக்கொள்ளும்."

அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அப்போது கடைக்கு எதிர்வீட்டிலிருந்து பாட்டு கேட்டது. தெலுங்கு ஞானப்பாட்டு. ராகம் நம்முடையதுதான். நடுவில் ஒரு குரல் மட்டும் உரக்கத் தமிழில் பாடிக்கொண்டிருந்தது. மாமா!

ஓடினேன். அது தெலுங்கு விசுவாசிகளின் வீட்டு ஜெபக்கூட்டம். எங்களுக்கு அடுத்த தெருதான். ஐந்து வருடமாக அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். தேடும்போதுகூட ஒரு தெலுங்கு வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தோன்றவில்லை. பாட்டு கேட்டதும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பாயில் உட்கார்ந்துவிட்டாராம். அந்த வீட்டு சுனீதா அக்கா, "ரண்டம்மா, ரண்டி" என்று என் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். மாமா என்னை யாரோ விருந்தாளியைப் போலப் பார்த்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. ஜெபம் இன்னும் முடியல."

மூத்தவர் என்று முடிவு ஜெபத்தை அவரிடமே கொடுத்தார்கள். "ஆண்டவரே, இப்போ வந்தாளே இந்தப் பிள்ள, யாரு பெத்த பிள்ளையோ, ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. இவளுக்கு இளைப்பாறுதல் தாரும்" என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

மாமாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை. அதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுநாளே சுனீதா அக்கா வந்து, "நுவ்வு படுக்கோ அம்மா" என்று என்னைப் படுக்கவைத்துவிட்டு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் கழித்து மாமா கர்த்தருக்குள் நித்திரையடையும் வரை, அந்த ஜெபக்கூட்டத்துச் சகோதரிகள் முறை வைத்து வந்தார்கள். நான் தூங்கினேன். கஷ்டத்தை மறைக்கிற பழக்கமும் என்னை விட்டுப் போனது.

பிரியமானவர்களே, அழகாக ஜெபிக்க வரவில்லையென்றால் பரவாயில்லை. முடியவில்லை என்றால், முடியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். நான் யாரென்றே மறந்துபோன ஒரு மனிதரை எனக்காக ஜெபிக்க வைத்தவர், உங்களை மறப்பாரா?