எண்பத்துநாலு மீட்டர் வரை

கப்பலில் அவரைத் 'தொளதொள' என்றுதான் கூப்பிடுவார்கள். கயிறு விடுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷம் அதே வேலை.

ஆள் உயரத்தில் ஒரு உலோகக் குழாய். வாலில் பிரஷ் மயிர், நுனியில் நகத்தளவு சென்சார். கப்பலின் பின்பக்கத்திலிருந்து விட்டால் தானாக விழுந்துகொண்டே போகும். வெயிலில் சூடான மேல்நீரும் அடியிலிருக்கும் குளிர்ந்த நீரும் எங்கே, எவ்வளவு கலக்கின்றன என்று விரலளவுச் சுழிப்பைக்கூடப் பதிவு செய்துவிடும். பின்னால் போகும் கயிறு மட்டும் தளர்வாக இருக்க வேண்டும்.

"இறுகினா அது கடலை அளக்காது, கப்பல் ஆட்டத்தைத்தான் அளக்கும். தொளதொளன்னு விடுங்கப்பா." இதைச் சொல்லிச் சொல்லியே பெயர் ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்குச் சட்டையும் இரண்டு அளவு பெரிது.

அந்தக் குழாய்க்குக் காட்டும் கரிசனத்தில் கால்வாசி தனக்குக் காட்டியிருந்தால் தான் மகாராணி என்று மனைவி குத்திக்காட்டுவாள். அவர் மறுத்ததில்லை, சிரித்தபடி பெட்டி கட்டுவார். அவள் இறந்த பிறகு, கரையில் இருக்கும் வாரங்களில் ரேடியோதான் பேச்சுத்துணை.

அவர் கப்பலிலிருந்து அனுப்பும் பதிவுகளை ஆய்வு நிலையத்தில் சரிபார்ப்பது அவருடைய ஒரே மகள். வாரத்துக்கு நான்கு நிமிடம் தொலைபேசி. மூன்று நிமிடம் கருவியைப் பற்றியே போய்விடும். சாப்பிட்டாயா என்று அவர் கேட்கும்போது இணைப்பு அறுந்திருக்கும்.

கடைசிப் பயணத்தின் பதினோராம் நாள், நண்பகலில், குழாய் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். ஒரு கை நெஞ்சில். மற்றது கயிற்றை விடவில்லை என்று மாலுமி ஒருவர் மகளிடம் சொன்னார். கரை வந்து சேர்ந்தது உடல்தான்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுகள் அவள் மேசைக்கு வந்தன. கூடவே அவர் கையெழுத்தில் குறிப்பேடு. கெட்டுப்போன ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே அவரே எழுதியிருந்தார்: 'நீக்கவும். கயிறு இறுகியது. என் தவறு.' கடைசி வரிசை மட்டும் காலி.

தலைமை ஆய்வாளர் அவள் நாற்காலியருகே வந்து நின்றார். "எல்லாரும் பேசிட்டோம்மா. அந்தக் கடைசிப் பதிவை முழுசாவே வெச்சுக்கலாம். அவர் ஞாபகமா இருக்கட்டுமே."

அவள் வரைபடத்தைத் திறந்தாள். எண்பத்துநாலு மீட்டர் வரை மெல்லிய, சீரான கோடு. அங்கிருந்து தொண்ணூற்றொன்று வரை கன்னங்கரேலென்று ஒரே கிறுக்கல். இருபத்தேழு வினாடி. அப்படியே கணக்கில் சேர்த்தால், அமைதியான அந்தக் கடல் அன்று ஆயிரம் மடங்கு கொந்தளித்ததாகக் காட்டும். அதை நம்பிப் பத்துப் பேர் கட்டுரை எழுதுவார்கள்.

"எண்பத்துநாலுக்குக் கீழ கடல் இல்ல சார்," என்றாள். "அப்பாவோட கை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போய்விட்டார்.

அந்த இருபத்தேழு வினாடியை அவள் முதலிலிருந்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு வெட்டினாள். குறிப்பேட்டின் காலி வரிசையில் எழுதினாள்: '84 மீட்டர் வரை ஏற்கலாம். அதற்குக் கீழ் நீக்கவும். கயிறு இறுகியது.'

அவர் வழக்கமாகச் சேர்க்கும் இரண்டு வார்த்தைகளை அவள் எழுதவில்லை.