ஜமீலா அக்காவின் பஸ்

இன்று காலை எழுந்ததும் முதலில் மெயிலைத்தான் பார்த்தேன். எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேர விண்ணப்பித்திருந்தேன். திங்கட்கிழமை இன்டர்வியூ என்று வந்திருந்தது.

வீட்டில் சொல்வதற்கு முன்னால் ஜமீலா அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். "அக்கா, கூப்பிட்டுட்டாங்க."

பதில் அவர் மகளிடமிருந்து வந்தது. "அம்மா விடியக்காலைல மவுத்தாயிட்டாங்கக்கா. நெஞ்சு வலி. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

நேற்று சாயங்காலம் என்னோடுதான் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார்...

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அக்கா அட்டெண்டர். பதினோரு வருடம். மிஷினை ஓட்டுவது நான், ஆளைத் தயார் பண்ணி உள்ளே அனுப்புவது அவர்.

உள்ளே போகும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. திருமானூரிலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயியிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

அக்கா வந்து, "அரணாக்கொடி?" என்றார்.

"அது வெள்ளிங்க. உலோகம் இல்லீங்களே."

அக்கா சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "புள்ள, அவருகிட்ட தமிழ்ல கேளு."

நான் தமிழில்தான் கேட்டிருந்தேன்.

இன்னொரு நாள் கீழப்பழுவூர் அம்மா ஒருவர். மிஷினுக்குள் அசையாமல் படுக்க வேண்டும், அசைந்தால் படம் கலங்கிவிடும். அந்த அம்மா பயந்து பயந்து இரண்டு முறை எழுந்துவிட்டார். மயக்க ஊசிக்கு ஏற்பாடு செய்யலாம் என்று போனை எடுத்தேன். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரியலூர்லேருந்து உங்கூருக்கு பஸ்ஸுல எவ்வளவு நேரங்க?"

"இருவது நிமிசம் ஆவும்."

"கண்ண மூடிக்குங்க. அரியலூர்ல ஏறிட்டீங்க. ஜன்னல் சீட்டு. டமடமன்னு சத்தம் வந்தா அது பஸ்ஸு. ஊரு வந்ததும் நானே எழுப்புறேன்."

ஒரு படம்கூடக் கலங்கவில்லை. வெளியே இழுத்ததும் அந்த அம்மா கேட்டார், "அதுக்குள்ள வந்துருச்சா?"

அதற்குப் பிறகு வருகிற எல்லோருக்கும் அவரவர் ஊருக்கு ஒரு பஸ். ஊசி போடுவது பாதியாவது குறைந்திருக்கும்.

என் ஆராய்ச்சித் தலைப்பே அதுதான். மயக்க மருந்து இல்லாமல் நோயாளியை எப்படி அசையாமல் படுக்க வைப்பது. விண்ணப்பத்தில் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன், 'என் பணி அனுபவத்தில் நான் உருவாக்கிய முறை' என்று.

நான்.

அட்டெண்டர் சொன்னது என்று எழுதினால் எடுபடாது என்று தோன்றியது. எனக்கு நாற்பத்து நாலு வயது... இன்னொரு முறை கூப்பிடுவார்களா என்ற பயமும் இருந்தது.

அக்காவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பிரிண்ட் அவுட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். "எம் பஸ்ஸு இதுல இருக்கா?"

"இருக்குக்கா."

"எம் பேரு?"

"அதுவும் இருக்கு."

"அப்ப டாக்டரம்மா ஆனப்புறம் என்னைய மறந்துட்டேன்னு சொல்ல முடியாது, போ."

மதியம் அக்காவின் ஊரான லப்பைக்குடிகாடு போயிருந்தேன். அவர் கணவருக்கு துபாயிலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை. மகள்தான் போனைப் பிடித்து முகத்தைக் காட்டினாள்.

அக்காவை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்களோடு உட்கார்ந்திருந்த என்னிடம் அவள் வந்தாள். "உங்க படிப்பு பேப்பர்ல அம்மா பேரு இருக்காமே. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. அந்த ஒரு பக்கத்த மட்டும் அனுப்புறீங்களாக்கா?"

"அனுப்புறேம்மா" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டுதான் கிடைத்தது. கண்ணை மூட முடியவில்லை.

போயிட்டு வாங்கக்கா.

திங்கட்கிழமை உள்ளே போனதும், நான் அனுப்பிய தாளில் ஒரு வரி பொய் என்று சொல்லப் போகிறேன். அந்த முறை யாருடையது என்று பெயரோடு சொல்லப் போகிறேன். அதற்கப்புறம் சீட் கொடுப்பார்களா, தெரியாது.

வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.