சுபைறா மாமி தொட்ட வயர்

எங்கள் சுபைறா மாமிக்குக் கரண்டு என்றால் உயிர் பதறும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியின்போது, காற்று எழும்பிய கையோடு அறுந்து விழுந்த கம்பியில் பட்டு, மாமியின் சினையாடு கண்ணெதிரே துடித்துச் செத்தது. அதிலிருந்து வீட்டில் லைட்டுப் போடக்கூட யாரையாவது கூப்பிடுவார். இத்தனைக்கும் புருஷன் அச்சிமுகம்மது மாமா நிந்தவூரில் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தவர். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

காலிதீன் முதலாளியிடம் பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போக அந்தக் கார்தான் வர வேண்டும். சுவிட்சை அழுத்தினால் கதவுக் கண்ணாடி தானாக ஏறும், இறங்கும். அதே சூறாவளியின் மழைத் தண்ணீர் கதவுக்குள் தேங்கி, ஒரு பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. கலியாணம் ஒன்று வருகிறதென்று முதலாளி காரை மாமாவின் வீட்டு வளவில் கொண்டுவந்து விட்டார்.

மாமா கதவின் உள்பலகையைக் கழற்றினார். ஃபியூஸ் நல்லது. சுவிட்சில் சந்தேகப்பட்டு அதை விட்டுவிட்டு, சீட்டில் ஒரு கார் பெட்டரியை வைத்து, கிளிப் மாட்டிய இரண்டு வயரால் நேரே மோட்டருக்கே கரண்டு கொடுத்தார். அசையவில்லை. துருப்பிடித்த மோட்டர் ஒரு தட்டுத் தட்டினால் எழும்பும். கதவைத் திறந்து தட்டியிருக்கலாம், மனுஷனுக்கு அவசரம். வெளியே நின்றபடி பாதிக் கண்ணாடிக்கு மேலால் தலையை உள்ளே விட்டு மோட்டரைப் பார்த்துக்கொண்டு, வெளிப்பக்கம் கையால் ஓங்கிக் குத்தினார். மோட்டர் எழும்பியது. கண்ணாடி ஏறி அவருடைய கழுத்தை மேற்சட்டத்தோடு இறுக்கியது.

தகரம் அதிரும் சத்தத்துக்கு குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி ஓடி வந்தார். மாமாவின் கால்கள் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடியைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. சுற்றி ஓடி மறுபக்கக் கதவைத் திறந்தார். மாமாவின் முகம் கறுத்துப்போய், கண் பிதுங்கியிருந்தது.

"வயர... மாத்திக் குடு..."

வயர்களை இடம் மாற்றினால் கண்ணாடி இறங்கும். மாமி பெட்டரியைப் பார்த்தார். அயலில் யாரையும் கூப்பிட நேரமில்லை.

அடுத்து மாமாவின் காதில் விழுந்தது கலிமா. மாமிதான் குனிந்து சொன்னார், "லா இலாஹ இல்லல்லாஹ்". மௌத்தாகப் போகிறவருக்குத்தான், உயிர் பிரியும் நேரத்தில், பக்கத்தில் இருந்து அப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள். இவளே என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தாராம். கழுத்து இறுகியதைவிட அந்தப் பயம்தான் பெரிது என்பார்.

மாமி கண்ணை இறுக்க மூடினார். இரண்டு கிளிப்பையும் பிடுங்கி, அதை இங்கும் இதை அங்கும் மாட்டினார். நெருப்புப் பொறி தெறித்தது. கண்ணாடி முனகிக்கொண்டு இறங்கியது.

மாமா மண்ணில் விழுந்து இருமினார். மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"ஏன் புள்ள, நான் மௌத்தாகிட்டன் எண்டா எனக்குக் கலிமா சொல்லித் தந்த?"

மாமி இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கில்ல. கரண்டுல கை வைக்கப் போறன் எண்டு எனக்குத்தான் சொன்னன்."

கார் பெட்டரியைத் தொட்டால் ஆளை ஒன்றும் செய்யாது. வயரிங் பழகுகிறவனுக்கு முதல் நாளே தெரிகிற விஷயம் அது. சாகிறவரைக்கும் மாமியிடம் அதை மாமா சொல்லவேயில்லை.