தேங்காய் நின்ற இடங்கள்

எங்கள் கிணறு வற்றியபோது கொல்லையில் கரும்பு முழங்கால் உயரம் நின்றது. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு இருக்கிற ஒரே கொல்லை அது. போர் போட்டுத் தண்ணீர் வந்தால் கரும்பு பிழைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூருக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் சின்னசேலம் பக்கமிருந்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் நிமிர்ந்து நிற்குமாம். வடகிழக்கு மூலையில் நின்றது. மாமியார் அங்கேயே தண்ணீர் சாமி கங்கம்மாவுக்குக் கற்பூரம் ஏற்றினார்.

நான் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். மகள் படித்து முடித்த அறிவியல் புத்தகங்களை மாடு மேய்க்கும்போது படிப்பேன். கலெக்டரம்மா மாடு ஓட்டிக்கினு போறாங்க என்று ஊர் இளிக்கும். இளிக்கட்டும். ஒருவர் சொல்வது பொய்யாக இருந்தால் அது எங்கே மாட்டும் என்று யோசிக்கிற புத்தி மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது.

நீரோட்டம் பார்க்கிறவர் கண்ணைக் கட்டிவிட்டு இன்னொரு முறை நடக்கச் சொல்லலாமே என்றேன். மாமியார் முறைத்தார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்; பாவம், தன் தேங்காயை அவரே நம்பினார். என் வீட்டுக்காரர்தான் தன் துண்டால் அவர் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டார். தேங்காய் வேப்பமரத்தடியில் நின்றது. மறுபடி சுற்றிவிட்டபோது வரப்போரம் நின்றது. கற்பூரம் எரிந்த மூலையின் மேலேயே நடந்தபோது அசையாமல் படுத்துக்கிடந்தது.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அப்போ நீ சொல்லு, தண்ணி எங்க கீது?" என்றார் மாமனார்.

எனக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது என்பது மட்டும் தெரியும் என்றேன். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. தெரியாது என்று சொல்கிற பொம்பளையை விடத் தெரியும் என்று சொல்கிற தேங்காயே அவர்களுக்கு மேல். கருவி வைத்துப் பார்ப்பவர்களைக் கேட்கலாம் என்றேன். அதுவரைக்கும் கரும்பு காத்துக்கினு இருக்குமா என்று வாயை அடைத்தார்கள்.

போர் வண்டி கற்பூரம் எரிந்த அந்த மூலையிலேயே நின்றது. கடைசிவரை தண்ணீர் வரவில்லை, பாறைத்தூள்தான் புகையாக வந்தது. கரும்புத் தோகையெல்லாம் மாவு கொட்டியதுபோல் வெளுத்துப்போனது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வெளுத்துக் கிடந்த கரும்பைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தின் நடுவில் என்னைக் கைகாட்டினார்.

"இவதான் அந்தாளு கண்ணைக் கட்டச் சொல்லி அசிங்கப்படுத்துனா. அதான் கங்கம்மா ஒதுங்கிட்டா."

மாமியார் என் மேல் மண்ணை வாரித் தூற்றினார். தடுக்க ஒருவரும் வரவில்லை. கண்ணைக் கட்டிய துண்டு என் வீட்டுக்காரர் தோளில்தான் கிடந்தது.

வீட்டில் சோறு போட்டேன். தலை நிமிராமல் தின்றார். துண்டைக் கட்டினது நீங்கதானே, உங்க கண்ணால பார்த்தீங்களே என்று கேட்டேன்.

"பாத்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றார். "இன்னா பண்றது? எல்லாரும் வண்டி கிட்ட நின்னுக்கினு இருக்கும்போது நிறுத்துன்னு எப்பிடிச் சொல்றது? நாளைக்கு யார் மேலயாவது பழி போட்டாகணும். எம்மேல வுழுந்தா நான் ஒடிஞ்சிடுவேன். நீ படிச்சவ, தாங்கிக்குவ."

பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். சட்டியில் இருந்தது. இல்லை என்றேன்.