அப்பாவின் பழைய போனுக்கு ஒரு வழி

மயிலிட்டித் துறையில் கதிரவேலு படகில் ஏறிவிட்டார். மகள் உதயகலா மடிக்கணினியோடு கரையில் குந்தியிருந்தாள். படகு நிற்கும் இடத்தை வீட்டுக்கு மட்டும் இரகசியமாய்ச் சொல்லும் செயலி அவள் எழுதியது. அது வேலை செய்யாமல் அவரை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். செய்தியைப் பூட்டித் திறக்கும் இரகசியச் சாவியை இரண்டு போன்களும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான கணக்கைப் போட, அவள் செயலியில் சேர்த்திருந்த ஆயத்த நிரல் தொகுப்பான நிரலகத்தில் இரண்டு வழிகள் இருந்தன; எதில் போட்டாலும் விடை ஒன்றுதான். அவள் தெரிந்தெடுத்த வேகமான வழி அவளுடைய புதுப் போனில் ஓடியது; அவருடைய பழையதில் அசையவே இல்லை.

"பூட்டில்லாமல் அனுப்பன், பிள்ளை. காத்து எழும்ப முன்னம் வலை போடவேணும்."

"பிறகு மீன் படுற இடத்தை ஊரே பாக்கும். என்னைத்தான் ஏசுவியள். பொறுங்கோ அப்பா!"

ஒவ்வொரு போனுக்கும் ஏற்ற வழியை நிரலகமே தெரிவு செய்யும்படி மாற்றி, செயலியை இரண்டு போன்களிலும் மறுபடி ஏற்றினாள். பழைய போன் மெதுவான மற்ற வழியில் முக்கி முக்கிச் சாவியை மாற்றியது. அவள் திரையில் படகின் புள்ளி விழுந்தது.

"வாறன்" என்று கயிற்றை அவிழ்த்தார் அப்பா.